ஏழெட்டுக் கற்பூரவள்ளி

காளவாசல் சிக்னலில் பஸ்கள் ஒன்றையொன்று ஹாரனால் திட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமைக் காலையில், செல்போன் கடை மாடியில் இருந்த ‘ஹம்சா விசாரணை நிலைய’த்துக்கு ஒரு இளம்பெண் படியேறி வந்தாள். கையிலிருந்த துணிப்பையை நாற்காலியில் வைத்தாள். தான் மட்டும் நின்றுகொண்டாள்.

“உக்காருங்கம்மா” என்றான் அழகுபாண்டி.

“நான் விஷம் வைக்கல” என்றாள் அவள்.

அழகுபாண்டி பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டான். பரவை மார்க்கெட்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், இந்த உத்தியோகத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயமாகி நின்றுபோனதா என்று விசாரிப்பதுதான் இங்கே அன்றாட வேலை. விஷம் என்ற சொல் இந்தப் படியேறி வந்தது இதுதான் முதல் தடவை. அவனுக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஹம்சவேணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வயது நாற்பத்தெட்டு. எதற்கும் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“வைக்கலன்னா சரி. உக்காந்து சொல்லுங்க. வச்சதா யார் சொன்னது?”

பெண்ணின் பெயர் சத்யப்ரியா. பிறந்த ஊர் நத்தம். பரவை நல்லகாமனின் இளைய மகன் தமிழ்மாறனுக்கு வாக்கப்பட்டு ஒன்றரை வருடம். புருஷனுக்கு ஓசூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். மாமியார் இல்லை. வீட்டில் மாமனாரும் இவளும்தான். மூத்தவன் சோலை, பெண்டாட்டி ஜெயக்கொடியோடு விளாங்குடியில் குடியிருக்கிறான். பரவை மார்க்கெட்டில் வாழைத்தார் மொத்த வியாபாரம்.

“நான் தாவரவியல் படிச்சவ மேடம். வீட்டுக்குப் பின்னாடி துளசி, மரு, திருநீற்றுப்பச்சிலை, புதினான்னு வாசனைச் செடியா வளர்க்குறேன். எல்லாம் ஒரே குடும்பம். துளசித் தண்டைத் தொட்டுப் பாருங்க, உருண்டையா இருக்காது, நாலு பட்டையா இருக்கும். கோயமுத்தூர்ல ஒரு மருந்துக் கம்பெனி, ஒரு ஏக்கர் போட்டா இலைய நாங்களே எடுத்துக்கிறோம்னாங்க. ஆனா நிலம் பத்து வருசத்துக்கு என் பேர்ல குத்தகைப் பத்திரமாப் பதிஞ்சிருக்கணும்னு சொல்லிட்டாங்க.”

“மாமனார் சம்மதிச்சாரா?”

“பொங்கலுக்கு எங்க அப்பா அம்மா வந்தப்ப, எல்லாரும் இருக்கையிலதான் கேட்டேன். ‘கற்பூரவள்ளி போடத்தானத்தா? தாராளமாப் போடு. பத்து என்ன, இருவது வருசத்துக்கு எழுதித் தாரேன்’னாரு. நல்லகாமன் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான், மாத்த மாட்டாருன்னு ஊருக்கே தெரியும் மேடம்.”

பத்திரம் பதிய வேண்டிய நாள் வியாழக்கிழமை. புதன் சாயங்காலம் பத்திர நகலை மாமனாரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் இரண்டு முறை படித்தார். ‘இது என்னத்தா, செடின்னு போட்டிருக்கு’ என்றார். ‘செடிதான மாமா’ என்றாள். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. விடியும்வரை இருமினார்.

“இருமுறாரேன்னு வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கற்பூரவள்ளி குடுத்தேன் மேடம்.”

அழகுபாண்டி நோட்டில் ‘கற்பூரவள்ளி’ என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றது. இருமலுக்கா? அவன் வீட்டில் இருமல் வந்தால் வாழைப்பழம் இருக்கிற பக்கமே போகவிட மாட்டார்கள்.

“எத்தனைம்மா குடுத்தீங்க?”

“ஏழெட்டு இருக்கும்.”

“ஏழெட்டா!”

“வயசானவரு. அதுக்கு மேல வேண்டாம்னுதான்.”

ஹம்சவேணி ஒருமுறை தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அழகுபாண்டி வாயை மூடிக்கொண்டு எழுதினான்: ‘7 அல்லது 8.’

“கூட பனங்கற்கண்டும் போட்டேன். கட்டில்கிட்ட வச்சேன். ‘வச்சுட்டுப் போத்தா, ஆறட்டும்’னாரு. நான் வந்து எங்க குடும்ப குரூப்புல மெசேஜ் போட்டேன்.” செல்போனை நீட்டினாள். ‘மாமாவுக்குக் கற்பூரவள்ளி குடுத்தாச்சு. பத்து மணிக்குக் கிளம்பிடுவோம்.’ நேரம் 7:10.

ஆறட்டுமா? அழகுபாண்டிக்குத் தலை சுற்றியது. பெரிய கேள்விக்குறி ஒன்று போட்டான். கேட்டால் அசடு என்று நினைப்பார்களோ என்று கேட்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது டம்ளர் காலி. மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எட்டரைக்குச் சோலையும் ஜெயக்கொடியும் வந்து எழுப்பினார்கள், எழவில்லை. தெரு முனை டாக்டர் வந்தார். நாடி, பிரஷர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ‘தூக்க மாத்திரை மாதிரி ஏதாவது சாப்பிட்டாரா’ என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியைச் சோலை பிடித்துக்கொண்டான்.

“‘நீ குடுத்த கற்பூரவள்ளியில என்ன வச்ச?’ன்னு கேட்டாரு. ‘கற்பூரவள்ளி குடுத்தது நெசம், வேற ஒண்ணும் வைக்கல’ன்னேன். நானே ஒத்துக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு மேடம். என் பேர்ல எழுதி வாங்கிட்டு அப்புறமா அவரைக் கிடத்தத் திட்டம் போட்டேனாம், மருந்து கூடிப்போயி முன்னாடியே மயங்கிட்டாராம்.”

“எப்ப முழிச்சாரு?”

“பதினொன்றரைக்கு. எங்க பதிவு நேரம் பதினொண்ணு வரைக்கும்தான். அது போயிருச்சு. ‘இனியும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க, மூக்குல குழாய் விட்டு வயித்தக் கழுவச் சொல்லுவோம்’னு சோலை மச்சான் ஆட்டோவுக்குப் போன் போட்டாரு. அந்தச் சத்தத்துல முழிச்சுக்கிட்டாரு.”

ஹம்சவேணியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா என்று அழகுபாண்டியால் சொல்ல முடியவில்லை.

சத்யப்ரியா பையிலிருந்து பத்திர நகலை எடுத்தாள். “மாமா தலகாணிக்கு அடியில கிடந்துச்சு.”

ஹம்சவேணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ‘கற்பூரவள்ளி, துளசி முதலான மூலிகைச் செடிகள் பயிரிட்டு அனுபவிக்க’ என்ற வரியில், ‘செடிகள்’ என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் காகிதம் கிழியும் அளவுக்கு ஒரு கீறல் இருந்தது.

“இது யார் போட்டது?”

“மாமாதான். பேப்பர் படிச்சாலும் நகத்தால கோடு போட்டுக்கிட்டேதான் படிப்பாரு.”

“அடுத்து என்ன நடக்கப் போகுது?”

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பங்காளிங்க கூடுறாங்க. எங்க அப்பா அம்மாவ வரச் சொல்லியிருக்காங்க, என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா போன எடுக்கல. நிலம் போனாப் போகுது மேடம். மாமனாருக்கு மருந்து வச்சவங்கிற பேரோட மட்டும் அந்த வாசலத் தாண்ட மாட்டேன்.”

*

அழகுபாண்டியின் குட்டியானை திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியைத் தாண்டியது. முன்சீட்டில் ஹம்சவேணி மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எனக்கு ஒண்ணுமே பிடிபடல.”

“நல்லது. பிடிபடாததை எல்லாம் நோட்டுல எழுதிக்கோ. பிடிபட்ட மாதிரி எழுதாத.”

பரவை மார்க்கெட்டில் சோலை தார்களுக்கு நடுவில் நின்று கணீரென்று பேசிக்கொண்டிருந்தான். விசாரிக்க வந்திருக்கிறோம் என்றதும் கோபப்படவில்லை; ஸ்டூலை எடுத்துப்போட்டான்.

“நல்லா விசாரிங்கக்கா. எனக்கு யாரு மேலயும் பகை கெடையாது. ஆனா என் கண்ணால பார்த்ததை நான் மறைக்க முடியுமா?”

“என்னண்ணே பார்த்தீங்க?” அழகுபாண்டி நோட்டைத் திறந்தான்.

“வியாழக்கிழமை ஏழு மணிக்கு அப்பாவ ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போவோம்னு போனேன். வாசல்ல நிக்கையிலேயே பார்த்துட்டேன். அவ பக்கத்துல உக்காந்து கற்பூரவள்ளியக் குடுத்துக்கிட்டு இருந்தா. தானே தோலை உரிச்சு உரிச்சுக் குடுத்தா. இம்புட்டுப் பாசம் என்னைக்கு வந்துச்சுன்னு அப்பவே யோசிச்சேன். இங்க லோடு வந்துருச்சுன்னு போன் வந்ததால உள்ள போகாமத் திரும்பிட்டேன்.”

“எத்தனைண்ணே?”

“ரெண்டு.”

அழகுபாண்டி ஏழெட்டுக்குப் பக்கத்தில் ‘2’ என்று எழுதினான். ஒரு ஆள் ஏழெட்டு என்கிறாள், இன்னொருவர் இரண்டு என்கிறார். ‘மீதி ஐந்தாறு பழம் எங்கே?’ என்றும் அடியில் எழுதினான். குற்றத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

“நீங்க நிலத்துல என்ன செய்யலாம்னு இருந்தீங்க?” என்று கேட்டாள் ஹம்சவேணி.

“அப்பா எங்களுக்குக் குடுத்தா வாழை போடுவேன். அவளுக்குக் குடுத்தாலும் அவளும் வாழை போடப்போறான்னுதான சொன்னாங்க? வெளையுறது என் கடைக்குத்தான வரும்னு நானும் ஒண்ணும் சொல்லல. இப்பத்தான் தெரியுது, அவ மனசுல வேற என்னமோ இருந்திருக்குன்னு.”

ஹம்சவேணி எழுந்தாள். “போதும் தம்பி. நாளைக்குப் பார்ப்போம்.”

நல்லகாமன் வீட்டில் ஜெயக்கொடிதான் இருந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எட்டரைக்கு அவரோடதான் வந்தேன். கற்பூரவள்ளி குடுத்தேன்னு அவளே போன்ல போட்டிருக்காளே” என்று அதே மெசேஜை நீட்டினாள். பிறகு தானாகவே கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்ச் செடிகளைக் காட்டினாள். “சொல்லக்கூடாது, கைராசிக்காரி. இந்தா பாருங்க, திருநீத்துப்பச்சிலை. இது மரு, கதம்பத்துல வைப்பாகள்ல, அது. இது ஓமவல்லி. பஜ்ஜி போட்டா அம்புட்டு ருசி.”

தடித்த, மயிர் படர்ந்த அந்த இலையை ஹம்சவேணி கிள்ளி முகர்ந்தாள். “உங்க வீட்டுல இதுக்கு ஓமவல்லின்னுதான் பேரா?”

“பின்ன? ஓமம் மாதிரி வாசம் அடிக்குதுல்ல.”

நல்லகாமன் முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுபது வயதுக்கு நல்ல கட்டுமஸ்தான உடம்பு. அழகுபாண்டி எது கேட்டாலும் ஒரே பதில்தான்: “அவ குடுத்ததத்தான் சாப்பிட்டேன்.”

ஹம்சவேணி ஒன்றே ஒன்று கேட்டாள். “எப்படிய்யா இருந்துச்சு?”

கிழவர் கொஞ்சம் யோசித்தார். “கசாயம் எப்பிடி இருக்கும்? ஒரே கசப்பு. வேப்பெண்ணெய் மாதிரி. குடிச்சதும் கண்ணு சொக்கிருச்சு.”

கசாயமா? அழகுபாண்டியின் பேனா மறுபடி நின்றது. அப்படியானால் பழம்? பழத்துக்கு மேல் கசாயமா, கசாயத்துக்கு மேல் பழமா? யாராவது ஒருவர் தன்னிடம் முழுசாகச் சொல்லக்கூடாதா என்று அவனுக்கு அழுகையே வந்தது.

வெளியே வந்ததும் ஹம்சவேணி கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னலின் அடியில் போய் நின்றாள். அங்கே ஒரு மண்தொட்டியில் திருநீற்றுப்பச்சிலை பூவெடுத்து நின்றது. “பாண்டி, குனிஞ்சு என்னன்னு பாரு.”

குனிந்தவன் துள்ளி எழுந்தான். “எறும்புக்கா! கடிச்சிருச்சு!” தொட்டி மண்ணெல்லாம் எறும்பு. மண்ணில் வெந்து கருத்த இலைத் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தன. மண்ணும் ஒரு பிசுக்காக இறுகியிருந்தது.

“எறும்பு எப்படி இருக்கு?”

“எப்படின்னா? ஜோராத்தான் இருக்கு. என்னையே கடிக்குது.”

“செடி?”

“அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

“சரி, வா” என்றாள் ஹம்சவேணி. வண்டியில் ஏறியதும் அவனுடைய நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பாதியில் அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எதுக்குக்கா சிரிக்கிறீங்க?”

“பாண்டி, இந்தக் கேஸை நீதான் கண்டுபிடிச்ச. நாளைக்கு வரும்போது உன் நோட்டக் கொண்டா. மறக்காம மார்க்கெட்டுல ரெண்டு பழமும் வாங்கிக்கோ.”

தான் என்ன கண்டுபிடித்தோம் என்று அழகுபாண்டி அன்று முழுக்க யோசித்தான். ஒன்றும் தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நல்லகாமன் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. பங்காளிகள் ஆறேழு பேர் பாயில். நத்தத்திலிருந்து வந்த சத்யப்ரியாவின் அப்பாவும் அம்மாவும் வாசலை ஒட்டி, உள்ளே வரவா வேண்டாமா என்பதுபோல. தமிழ்மாறன் விடிகாலையில் வந்திறங்கியிருந்தான். பெண்டாட்டியைப் பார்க்காமல் தூணோடு தூணாக நின்றான். சத்யப்ரியா அடுக்களை நிலையில் நின்றாள். கிழவர் கட்டிலில், வழக்கம்போலச் சுவரைப் பார்த்து.

“அந்தம்மா என்ன சொல்லப்போகுது? சொல்லட்டும், கேட்டுட்டு முடிச்சுவிடுவோம்” என்றார் மூத்த பங்காளி.

ஹம்சவேணி ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்தாள். அதில் கொல்லைப்புறத்திலிருந்து ஒடித்துவந்த ஒரு கொத்து இலை. பக்கத்தில் அழகுபாண்டி வாங்கிவந்த இரண்டு பழம்.

“சோலைத் தம்பி, இதுல உங்க தம்பி சம்சாரம் குடுத்தது எதுன்னு எடுத்துக் காட்டுங்க.”

“இதுல என்னக்கா சந்தேகம்?” சோலை குனிந்து பழத்தை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான். “கற்பூரவள்ளி.”

“பழமா?” சத்யப்ரியாவின் குரல் கீச்சிட்டது. “நான் எப்ப மச்சான் பழம் குடுத்தேன்? நான் கற்பூரவள்ளி இலைக் கசாயம்ல குடுத்தேன்!”

“அது ஓமவல்லில்ல?” என்றாள் ஜெயக்கொடி, கன்னத்தில் கை வைத்து.

அறையில் ஒரே சளசளப்பு. அழகுபாண்டிக்கு மண்டைக்குள் ஏதோ ஒன்று டக்கென்று கழன்று விழுந்தது. ஏழெட்டு இலை! ஆறட்டும்! பனங்கற்கண்டு! அவன் தன் நோட்டை இறுக மூடி அக்குளில் வைத்துக்கொண்டான்.

ஹம்சவேணி சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“இந்த வீட்டுல இந்த இலைக்குப் பேரு ஓமவல்லி. கற்பூரவள்ளின்னா வாழைப்பழம், அதைத்தான் காலம் காலமா விளைவிக்கிறீங்க, விக்கிறீங்க. நத்தத்துல இருந்து வந்த பொண்ணுக்கு இந்த இலைதான் கற்பூரவள்ளி. தப்பு யாரு மேலயும் இல்ல. எனக்கு இது எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, எங்க வீட்டுல பேசுறது சௌராஷ்டிரா, தெருவுல இறங்குனா தமிழ். சின்ன வயசுல இருந்தே ஒரு வார்த்தை காதுல விழுந்தா, இது எந்த வீட்டு வார்த்தைன்னு பார்த்துட்டுத்தான் வாயத் திறப்பேன். நேத்து எங்க பாண்டி நோட்டுல ‘மீதி ஐந்தாறு பழம் எங்கே?’ன்னு எழுதியிருந்ததைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு. இந்தப் பக்கத்து ஆளு காதுல அந்த வார்த்தை பழமாத்தான் விழும்.”

அவள் சோலையின் பக்கம் திரும்பினாள். “நீங்க ஏழு மணிக்கு இங்க வரல தம்பி. வந்திருந்தா டம்ளரைப் பார்த்திருப்பீங்க. நீங்க பார்த்தது போன்ல வந்த மெசேஜை மட்டும்தான். அதுல இருந்த வார்த்தைக்கு நீங்களே ஒரு தோலைப் போட்டு, நீங்களே உரிச்சுட்டீங்க.”

பங்காளிகளில் ஒருவர் பக்கென்று சிரித்தார். சோலையின் முகம் செத்துப்போயிற்று. பழம் இன்னும் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“அப்பா கட்டையாக் கெடந்தாருக்கா. டாக்டரு வேற அப்பிடிக் கேட்டாரு. அவதான் செஞ்சிருக்கணும்னு நெசமாவே நம்புனேன். பார்த்த ஆளு இல்லைன்னா யாரு ஒத்துக்கிருவா? அதான்... பார்த்தேன்னு சொல்லிட்டேன்.”

“சோலை சொன்னது பொய்ன்னே வச்சுக்குவோம்” என்றார் மூத்த பங்காளி. “நல்லகாமன் கெடந்தது பொய்யா? பழமோ கசாயமோ, அதுல மருந்து இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்” என்றாள் ஹம்சவேணி. “அவரு அதைக் குடிச்சிருந்தா.”

கட்டிலில் படுத்திருந்த முதுகு லேசாக விறைத்ததை அழகுபாண்டி பார்த்தான்.

“இந்த ஜன்னலுக்கு அடியில ஒரு தொட்டி இருக்கு. அந்த மண்ணுல வெந்த இலை ஒட்டிக் கெடக்கு, பனங்கற்கண்டுப் பிசுக்கு இருக்கு, அதைத் தின்ன எறும்பு கூட்டம் கூட்டமா இருக்கு. ஒரு எறும்பும் மயங்கல. எங்க பாண்டியக் கேளுங்க, கடி வாங்கியிருக்கான். கசாயம் முழுசா அந்தத் தொட்டிக்குத்தான் போயிருக்கு. கட்டில்ல உக்காந்தபடியே கையை நீட்டுனா ஜன்னல்.”

“அப்ப அப்பா...” தமிழ்மாறன் தூணை விட்டு நகர்ந்தான்.

“அய்யாகிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், எப்படி இருந்துச்சுன்னு. ஒரே கசப்புன்னாரு. பனங்கற்கண்டு போட்ட கற்பூரவள்ளி கசக்காது. காரமா இருக்கும், இனிக்கும். கசாயம்னா கசக்கும்னு அவரா நெனச்சுச் சொல்லிட்டாரு. அப்புறம் பதிவு நேரம் முடியிற வரைக்கும் அசையாத மனுசன், மூக்குல குழாய் விடணும்னு காதுல விழுந்ததும் எப்படி எந்திரிச்சாரு?”

ஹம்சவேணி பத்திர நகலைப் பிரித்து, கீறலைக் காட்டினாள்.

“பொங்கலுக்கு மருமக கற்பூரவள்ளி போடக் கேட்டப்ப அய்யா சந்தோசமாச் சம்மதிச்சது வாழைக்கு. புதன்கிழமை சாயங்காலம்தான் ‘செடிகள்’னு படிச்சிருக்காரு. ஒரு ஏக்கர் நல்ல தண்ணி நிலம், கொல்லையில மொளைக்கிற ஓமவல்லிக்கா? மனசு ஒப்பல. ஆனா சம்பந்தி முன்னாடி குடுத்த வாக்கு. இல்லைன்னு சொல்லவும் வாய் வரல. என்னய்யா, நான் சொல்றது சரிதான?”

கிழவர் மெல்லத் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“ஒரு நாளக் கடத்தி விட்டுருவோம்னுதான் படுத்தேன். அந்தக் கசாயத்தக் குடிச்சா இருமல் நின்னு போயிரும், அப்புறம் என்னத்தச் சொல்லிப் படுக்கன்னு ஊத்திட்டேன். இவங்க வந்து எழுப்புனப்ப எந்திரிச்சிரலாம்னு பார்த்தேன், டாக்டரு வந்துட்டாரு. டாக்டரு போனதும் எந்திரிப்போம்னு பார்த்தேன், இவன் மருந்து வச்சுட்டா மருந்து வச்சுட்டான்னு கத்துறான். அதுக்கப்புறம் எப்பிடி எந்திரிக்க? சும்மாதாண்டா படுத்திருந்தேன்னு சொன்னா இந்தப் பயலுக என்னை மதிப்பாய்ங்களா?”

பாயில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, சத்யப்ரியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் கட்டிலருகே வந்து நின்றாள்.

“மூணு நாளா இந்த ஜன்னலுக்குப் பின்னாடிதான் உக்காந்து அழுதேன் மாமா. முழிச்சிருந்து கேட்டுக்கிட்டுத்தான படுத்திருந்தீங்க?”

நல்லகாமன் தலை குனிந்தபடியே இருந்தார். “கேட்டேன்த்தா” என்றார். பிறகு பங்காளிகளைப் பார்த்து, வாசலில் நின்ற சம்பந்தியையும் பார்த்து, மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் போலக் குரலை உயர்த்தினார். “எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. என் மருமக எனக்கு ஒண்ணும் வைக்கல. நான்தான் பொய்யாப் படுத்தேன். நான் சொன்ன சொல்லு சொல்லுதான். செடியோ பழமோ, அந்த ஏக்கரு அவளுக்குத்தான். நாளைக்கே எழுதித் தாரேன்.”

“சத்யா” என்று தமிழ்மாறன் ஓரடி முன்னால் வந்தான்.

“நீங்க இருங்க. ரெண்டு நாளா எடுக்காத போன்ல என்ன பேசணும்னு இருந்தீங்களோ, அதை அப்புறமாப் பேசுங்க” என்றாள் அவள், அவனைப் பார்க்காமலேயே. அவன் மறுபடி தூணுக்கே போனான். “பத்திரத்தையும் அப்புறம் பார்ப்போம் மாமா. இந்தத் தடவ எந்தக் கற்பூரவள்ளின்னு படம் போட்டுத்தான் எழுதச் சொல்லணும்.”

தட்டிலிருந்த இலைக் கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுக்களையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. ஓமமும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு காரமான வாசம் முன்னறைக்கு வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அழகுபாண்டி நோட்டைத் திறந்து, ‘7 அல்லது 8’ என்பதற்குப் பக்கத்தில் ‘இலை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

சத்யப்ரியா ஆவி பறக்கும் டம்ளரோடு வந்தாள்.

“ஆறட்டும்த்தா” என்றார் நல்லகாமன்.

“ஆறட்டும். நான் இங்கேயே நிக்கிறேன்.”

நின்றாள். அறையும் அவளோடு சேர்ந்து காத்திருந்தது. ஆவி அடங்கியதும் கிழவர் டம்ளரை வாங்கினார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“கசக்கல” என்றார் அவர், ஆச்சரியப்பட்டவர் போல.

சத்யப்ரியா டம்ளரை வாங்கி, பங்காளிகளுக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.